இலைக்கு ஒரு சட்டம், பூவுக்கு ஒரு சட்டம்



"சட்டப்படி விக்கிற பொருளைச் சட்டப்படி வாங்கினா அதுல என்ன பிரதர் தப்பு?" இந்தக் கேள்வி நம்முடைய ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வாலிபர்கள் மத்தியில் இப்போது அடிக்கடி எழும்புகிறது. கேட்கிறவர்கள் ஊர்சுற்றிகள் அல்ல. ஜெபிக்கிறவர்கள், உபவாசக் கூட்டத்துக்கு லீவு போட்டு வருகிறவர்கள். கேள்வி சாராயத்தைப் பற்றியதும் அல்ல. ஹெம்ப் என்று பெயர் எழுதி, பச்சை இலைப் படம் போட்டு, தூக்கம் வரும், முதுகுவலி போகும், மனபாரம் குறையும் என்று அச்சடித்து, கூரியரில் வாசலுக்கே வந்து சேருகிற எண்ணெய், மாத்திரை, மிட்டாய் இவற்றைப் பற்றியது.

இதற்குப் பிரசங்க மேடையில் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறோம்: கஞ்சா. கம்பெனி கேண்டீனில் வாலிபர்களும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறார்கள்: மூலிகை. இரண்டுமே விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் பேசுகிற பேச்சு. தெரிந்துகொண்டு பேசுவோமே என்றுதான் இந்த மாதம் சற்று நீளமாக எழுதத் துணிந்தேன். பாஸ்டர் ஐயாவும் இடம் கொடுத்திருக்கிறார்.

முதலில் செடி. ஹெம்ப் என்பதும் கஞ்சாச் செடி என்பதும் ஒரே ஜாதிச் செடிதான். சிலர் இதைச் சணல் என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு அரிசி மூட்டைச் சணல் சாக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அது வேறே செடி. இந்தப் பெயர்க் குழப்பத்திலேயே பாதிப் பேர் ஏமாந்துபோகிறார்கள். "சாக்கு செய்யிற செடிதானேண்ணா" என்று ஒரு தம்பி என்னிடமே சொன்னான்.

இந்தச் செடியின் நாரிலே துணியும் கயிறும் செய்யலாம். விதையிலே எண்ணெய் எடுக்கலாம். இலையை அரைத்தால் வடநாட்டார் பாங்கு என்கிறது. பெண் செடியின் பூவும் காயும் சேர்ந்த நுனிதான் கஞ்சா. அதிலிருந்து பிரித்தெடுத்த பிசின் சரஸ். மயக்கம் தருகிற சரக்குக்கு விஞ்ஞானிகள் டி.எச்.சி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது பிசினிலே மிக அதிகம், பூவிலே அதிகம், இலையிலே குறைவு. விதைக்குள் அநேகமாக இல்லை. மேல்தோலில் ஒட்டின பிசினால் கொஞ்சம் வரலாம். சி.பி.டி. என்று இன்னொன்றும் இருக்கிறது; அது அந்த மாதிரி மயக்கம் தராது. கடைக்காரர் "எங்க சரக்குல சி.பி.டி.தான் சார்" என்று சொல்லும்போது, கூடவே டி.எச்.சி. எவ்வளவு என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். பல டப்பாக்களில் இரண்டும் கலந்தே இருக்கின்றன.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1985-ஆம் வருஷத்து போதை மருந்துச் சட்டம், என்.டி.பி.எஸ். என்று பேப்பரில் படிக்கிறோமே அதுதான், கஞ்சாவுக்கு விளக்கம் தரும்போது செடியின் பூத்த நுனி, காய்த்த நுனி என்று சொல்லி, நுனியோடு சேராத இலையையும் விதையையும் வெளியே விட்டுவிட்டது. ஏன் விட்டார்கள்? இது நேற்று வந்த யோசனை அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலே, 1893-94-இல், இந்திய சணல் போதைப் பொருள் கமிஷன் என்று ஒன்று உட்கார்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. பாங்கு, கஞ்சா, சரஸ் என்று மூன்றையும் தனித்தனியாக எடைபோட்டது. அளவோடு உபயோகிக்கிறவர்களுக்குப் பெரிய கெடுதல் காணோம், அளவு மீறினவர்களுக்குக் கெடுதல் உண்டு, முழுத்தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனது. பிறகு 1961-இல் உலக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட போதை மருந்து உடன்படிக்கையிலும் இலையும் விதையும் விளக்கத்துக்கு வெளியே நின்றன. ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாங்கு குடிக்கிற தேசத்தில் அதைத் தடுக்க அரசாங்கங்களுக்கு மனம் வரவில்லை என்பதுதான் உள் விஷயம். உத்தரப் பிரதேசத்தில் அரசாங்க லைசென்ஸோடு பாங்கு கடையே உண்டு.

ஆக, ஒரே செடி. கிளையின் நுனி ஜெயில்; அதற்கு ஒரு சாண் கீழே இருக்கிற இலை, மத்திய சட்டத்தின்படி, குற்றமில்லை.

இது நமக்கு எவ்வளவு சமீபம் பாருங்கள். 2022-இல் பெங்களூர் பேகூர் போலீசார், நம்ம ஓசூர் ரோட்டை ஒட்டின பக்கம்தான், பீகார்க்காரர் ஒருவரை 29 கிலோ பாங்கும் 400 கிராம் கஞ்சாவும் வைத்திருந்ததாகப் பிடித்தார்கள். அந்த ஆகஸ்டு மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம், பாங்கு அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வரவில்லை என்று சொல்லி அவருக்கு ஜாமீன் கொடுத்தது. கஞ்சா என்று மிஞ்சினது 400 கிராம்தான். சட்டத்தின் கணக்கில் ஒரு கிலோ வரைக்கும் சிறிய அளவு.

இந்தச் செய்தி வந்ததும் "அத்திப்பள்ளி தாண்டினா பாங்கு லீகல்" என்று நம் பையன்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கவனிக்காதது ஒன்று. அது 1985 சட்டத்தைப் பற்றி, ஒரு வழக்கின் ஜாமீன் மனுவில் சொன்ன உத்தரவு. ஜூஜூவாடி செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் வேறொரு சட்டமும் இருக்கிறது. 1937-இல் இராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம். அதை முதன்முதல் அமல்படுத்தினது எங்கே தெரியுமா? அந்த வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, சேலம் ஜில்லாவில். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாதான். ராஜதானி முழுவதிலும் நம்முடைய மண்ணில்தான் முதலில் கள்ளுக்கடையை மூடினார்கள். எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம், அங்கே இந்தச் சட்டம் கிடையாது. எல்லை தாண்டிப் போய்க் குடிக்கிற வழக்கத்துக்கு நம்ம ஊரில் வயசு அதிகம்! அந்தச் சட்டம் போதைப் பொருள் என்பதற்குத் தந்த விளக்கத்தில் இந்தச் செடியின் இலை, சிறு தண்டு, பூத்த நுனி எல்லாவற்றையும் சேர்த்து, பாங்கு, கஞ்சா என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அங்கே மத்திய சட்டம் விட்ட இலையை இங்கே மாநிலச் சட்டம் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு வலையும் இருக்கிறது. டி.எச்.சி. என்கிற சரக்கே, எட்டு, ஒன்பது, பத்து என்று எண் போட்ட அதன் உடன்பிறப்புகளோடு, 1985 சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் தனியாக இருக்கிறது. பிசினைச் சுத்திகரித்து எடுத்த எண்ணெயும் சரஸ் என்கிற விளக்கத்துக்குள் வந்துவிடும். அமெரிக்காவிலிருந்து மச்சான் வருகிறான், பெட்டியில் ஹெம்ப் மிட்டாய் கொண்டுவருகிறான், "அங்க சூப்பர் மார்க்கெட்டுலயே கிடைக்குது" என்கிறான். தேவனஹள்ளி விமான நிலையத்துக் கஸ்டம்ஸ்காரருக்கு அந்தச் சூப்பர் மார்க்கெட் ஒரு பதில் ஆகாது.

சரி, அங்கே எப்படிக் கிடைக்கிறது? இதிலேதான் பெரிய பாடம் இருக்கிறது. 2018-இல் அமெரிக்கா ஒரு விவசாயச் சட்டம் போட்டது. காய்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. நூற்றுக்கு 0.3-க்கு மிஞ்சாவிட்டால் அந்தச் செடி ஹெம்ப், மிஞ்சினால் கஞ்சா. நார்ப்பயிர் விவசாயிக்காகப் போட்ட சட்டம். வியாபாரி என்ன செய்தான்? 0.3 சதவீதம் என்பது செடிக்கு ரொம்பக் குறைவு. மிட்டாய்க்கு ரொம்ப அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு கிராம் எடையுள்ள ஒரு மிட்டாய், அதாவது 4000 மில்லிகிராம். அதிலே 0.3 சதவீதம் 12 மில்லிகிராம். பழக்கமில்லாதவனுக்குத் தலை சுற்ற 5 மில்லிகிராமே போதும். சட்டத்தின் எழுத்தை ஒரு புள்ளி மீறாமல், எடையைக் கூட்டி, கடைத்தெருவில் போதை மிட்டாய் விற்றார்கள். வேறு சிலர் மயக்கமில்லாத சி.பி.டி.யை இரசாயனத்தால் மாற்றி டெல்டா-8 ஆக்கி, "சட்டத்தில் ஒன்பதுதானே எழுதியிருக்கிறது, இது எட்டு" என்றார்கள். கடைசியில் 2025 நவம்பர் 12-ஆம் தேதி கையெழுத்தான சட்டத்தில், ஒரு டப்பாவிலே மொத்த டி.எச்.சி.யே 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பை இறக்கி, அமலுக்கு ஒரு வருஷ அவகாசம் கொடுத்தார்கள்.

தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்தது; தெருவுக்குத் தெரு கடை வந்தது; 2025 ஜூனில் டாக்டர் சீட்டு இல்லாமல் பூ விற்கக்கூடாது என்று திரும்பிவிட்டது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் பெரியவர்கள் 25 கிராம் கையில் வைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னே, 2023 ஏப்ரல் 26 அன்று, சிங்கப்பூரில் ஒரு தமிழர், ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று தூக்கிலிடப்பட்டார். நம் தேசத்தில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, அதிகபட்சம் ஒரு வருஷ ஜெயில் அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அங்கே ஏறக்குறைய அதே எடைக்கு ஒரு மனுஷனுடைய உயிர். அந்தக் குடும்பத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்லுகிறேன்? சட்டம் வேண்டாம் என்பதற்காக அல்ல. சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டியவர்கள்தான் நாம். இந்தப் பக்கம் இருக்கிறவன் இந்தப் பக்கத்துச் சட்டத்துக்கு. ஆனால் "சட்டப்படி சரி, ஆகையால் சரி" என்று ஒருவன் தன் மனசாட்சியைக் கொண்டுபோய்ச் சட்டத்தின் ஆணியிலே மாட்டினால், அந்த ஆணி செக்போஸ்டுக்குச் செக்போஸ்டு இடம் மாறுகிறது. டப்பாவுக்குள் இருக்கிற மிட்டாய் மாறவில்லை. அதே மிட்டாய்தான். சட்டம் செடியின் எந்தப் பாகம், எத்தனை சதவீதம், எந்த ஜில்லா என்று கேட்கிறது. அது கேட்க வேண்டியதை அது கேட்கிறது. வாங்குகிறவன் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை அது கேட்பதே இல்லை. எதற்காக வாங்குகிறேன்? இது எனக்குச் செய்யப்போவது என்ன?

கொரிந்து சபையாரின் கேள்வியும் இதே மாதிரிதான். கடைத்தெருவில் வெளிப்படையாக விற்கிற மாம்சம், வாங்கலாமா? பவுல் வாங்கலாம் என்றார், தோண்டித் துருவ வேண்டாம் என்றும் சொன்னார். அதோடு விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பலவீனமான சகோதரனையும் பார்க்கச் சொன்னார். அதற்கு முன்னால் ஆறாம் அதிகாரத்திலே, உரிமை உள்ள பொருளே தன்னை அடிமையாக்க வந்தால் இடங்கொடுக்கமாட்டேன் என்கிற கருத்தை வைத்தார். அவர் சந்தைச் சட்டத்தை மறுக்கவில்லை. அதை முழுப் பதிலாகவும் ஏற்கவில்லை.

இது செய்யப்போவது என்ன என்று கேட்டேனே, அதற்கு வருகிறேன். புகைத்தால் சில நிமிஷத்தில் தெரியும். தின்றால் அப்படி அல்ல. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. "வேலை செய்யலையே" என்று இரண்டாவது மிட்டாயை எடுக்கிறான். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும், மணிக்கணக்கில் இறங்காது. நெஞ்சு படபடக்கும், பயம் பிடிக்கும், நேரம் நகராது. சிலருக்கு இல்லாத சத்தம் கேட்கும். வீட்டில் குழந்தை இதைச் சாதாரண மிட்டாய் என்று வாயில் போட்டால் ஆஸ்பத்திரிதான். சிப்காட்டில் பிரஸ் ஷாப்பில் நிற்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; கை எடுக்க வேண்டிய நேரத்துக்கு அரை வினாடி பிந்தினால் என்ன ஆகும் என்பதை விரல் இழந்த நம் சகோதரர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். இன்னொன்று: இந்தச் சரக்கு கொழுப்பிலே கரைந்து உடம்பிலே தங்குகிறது. தினமும் எடுக்கிறவனுடைய சிறுநீரில் நிறுத்தின பிறகும் வாரக்கணக்கில் தெரியும். கம்பெனி மெடிக்கல் பரிசோதனை இலையா பூவா என்று கேட்காது. வளைகுடாவுக்கு விசா வந்திருக்கிற தம்பிமார் இதை இரண்டு முறை வாசியுங்கள்.

ஆனால் நம்முடைய நாவுக்கு வருகிறேன், இதுதான் என் இருதயத்தைக் குத்துகிற காரியம்.

போன வருஷம் நம்முடைய இந்தி ஆராதனைக்கு வருகிற உத்தரப் பிரதேசத்துப் பையன் ஒருவனுடைய அறையில் முனக்கா என்று சொல்லுகிற சிறு பொட்டலங்கள் இருந்தன. பாங்கு கலந்த கறுப்பு உருண்டை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, ஒன்று வாயில் போட்டுப் படுப்பானாம். "எங்க ஊர்ல சர்க்கார் லைசென்ஸ் கடையில விக்கிறாங்க பையா, இது நஷா இல்ல, ஜீரணத்துக்கு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் வளர்ந்த ஊரில் அது அப்படித்தான். வீட்டுக்காரர், நம்ம ஜனம்தான், கஞ்சா சாக்லேட் வடக்கத்தியான் என்று சொல்லி அன்று இராத்திரியே பெட்டியைத் தெருவில் வைத்தார். போலீசுக்குச் சொல்லாமல் விட்டதே பெரிய இரக்கம் என்றும் சொன்னார்.

அதே மாதம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிற ஒரு சகோதரன், ஆறு மாதமாகத் தூக்கம் இல்லாமல் இருந்ததையும், விஜயா என்று ஒரு ஆயுர்வேத எண்ணெய் வரவழைத்து நாக்கின் கீழே விட்டதில் தூக்கம் வந்ததையும் சாட்சியைப் போலவே சொன்னார். கண்ணாடிக் குப்பி, சொட்டு போடுகிற மூடி, இங்கிலீஷ் எழுத்து. கூட்டம் முடிந்ததும் நாலு பேர் எந்த கம்பெனி, என்ன விலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரரும் அதில் ஒருவர், அவருக்கு மூட்டுவலி.

பிரியமானவர்களே, விஜயா என்றால் என்ன? சமஸ்கிருதத்தில் பாங்குக்குப் பெயர். அந்த உருண்டையில் இருந்த இலைதான் இந்தக் குப்பியிலும். கூலிக்காரன் வாயிலே போனால் கஞ்சா, எஞ்சினியர் நாக்கின் கீழே போனால் மூலிகையா? ஒருவனுக்குத் தெரு, இன்னொருவனுக்கு ஸ்தோத்திரமா? சட்டமாவது இலைக்கும் பூவுக்கும் வித்தியாசம் பார்க்கிறது. நாம் பார்த்தது சட்டைக்கும் சட்டைக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டு பேருக்கும் நடுவே நியாயமான வித்தியாசம் ஒன்று இருக்கக்கூடும், அதையும் மறைக்க மாட்டேன். ஆயுர்வேத, சித்த மருந்துகளில் இந்தச் செடி பழங்காலம் முதல் உண்டு. மருந்துச் சட்ட விதிகளில் விஷப்பொருள் பட்டியலிலே இதன் பெயர் இருக்கிறது. இது சேர்ந்த மருந்துக் குப்பியின் மேல், வைத்தியர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்கிற எச்சரிக்கை அச்சடிக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது இது வைத்தியர் நாடி பார்த்து, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டு, அளவு சொல்லிக் கொடுக்க வேண்டிய மருந்து. போனிலே இரண்டு நிமிஷம் பேசி, பணம் கட்டினபின் வருகிற சீட்டு அந்த எண்ணத்தை நிறைவேற்றுகிறதா என்பதை அவரவர் உள்ளம் அறியும். விதையைப் பற்றிப் பயமே வேண்டாம். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு இவற்றை உணவு என்று ஒப்புக்கொண்டது, டி.எச்.சி. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமும் எண்ணெயில் 10 மில்லிகிராமும் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. அது எள் மாதிரி ஒரு விதை, விலைதான் எள்ளைப்போல் அல்ல. எள்ளுருண்டையே போதும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

மருந்து என்றதும் ஒரு தாயாரின் ஞாபகம் வருகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கம், புற்றுநோய், எலும்புவரை பரவிவிட்டது. மகள் நம் சபைதான். பெங்களூர் கித்வாய் ஆஸ்பத்திரியில் வலிக்கு மார்பின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அது அபினியிலிருந்து எடுக்கிறது என்று யாரோ சொல்ல, அந்தத் தாயார் பரலோகம் போகிற நேரத்தில் போதையில் போகமாட்டேன் என்று மாத்திரையைத் துப்பிவிட்டு மூன்று இராத்திரி கதறினார்கள். நான் போய் உட்கார்ந்து, அம்மா, 2014-இல் இந்தச் சட்டத்தையே திருத்தி, உங்களைப்போல வலியில் இருக்கிறவர்களுக்கு மார்பின் எளிதாய்க் கிடைக்க வழி செய்தார்கள், இது மயக்கத்துக்காக அல்ல, வலிக்காக, டாக்டர் அளந்து கொடுக்கிறார், நீங்கள் சாப்பிட்டால்தான் ஜெபிக்கவே முடியும் என்று சொன்னேன். சாப்பிட்டார்கள். கடைசி ஒன்பது நாளும் பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்ன வைத்தியத்தைப் பாவம் என்று யாரும் சொல்லக் காணோம்.

மார்பினைவிட இந்த எண்ணெய் கொடியதா? இல்லை. ஆனால் அந்தத் தாயார் வலிக்காக எடுத்தார்கள், ஒரு வைத்தியரின் கண் பார்வையில் எடுத்தார்கள், வீட்டார் அறிய எடுத்தார்கள். எலக்ட்ரானிக் சிட்டிச் சகோதரனிடம் இதைத்தான் கேட்டேன். தம்பி, தூக்கம் ஏன் போனது? யோசித்துவிட்டுச் சொன்னார்: இராத்திரி ஒரு மணிவரை அமெரிக்காக்காரனோடு மீட்டிங், வீட்டுக் கடன் மாதம் எழுபத்திரண்டாயிரம், மனைவியோடு பேச்சு குறைந்துவிட்டது. இதில் எதற்கு அந்தச் சொட்டு மருந்து? ஒன்றுக்கும் அல்ல. அது அவரை இதையெல்லாம் நினையாமல் படுக்க வைக்கிறது, அவ்வளவுதான். முதலில் ஐந்து சொட்டு, இப்போது பன்னிரண்டு. மனைவிக்குத் தெரியுமா என்றேன். "மூலிகைன்னு சொல்லியிருக்கேண்ணா" என்றார். சட்டம் அவரை ஒன்றும் செய்யாதிருக்கலாம். நான் அவருக்குச் சொன்னதெல்லாம், குப்பியை எடுத்துக்கொண்டு நிம்ஹான்ஸுக்கோ, ஒரு நல்ல டாக்டரிடத்துக்கோ நேரில் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதே. போயிருக்கிறார்.

அந்த உத்தரப் பிரதேசத்துத் தம்பிக்கும் அதே கேள்விதான். ஏன் தேவைப்படுகிறது? கால் வீக்கம், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், ஒரே அறையில் எட்டுப் பேர், ஊரில் தங்கச்சி கல்யாணம். அவனிடம் இரண்டு காரியம் சொன்னேன். இந்த மாநிலத்தில் உன் ஊர்க் கடை லைசென்ஸ் செல்லாது, பிடித்தால் உனக்குத் தமிழும் தெரியாது, வக்கீலும் கிடையாது, அந்த உருண்டையில் பாங்கோடு கஞ்சாவும் கலந்திருந்தால் 1985 சட்டமும் சேர்ந்துகொள்ளும், ஆகையால் இன்றைக்கே விடு. விட முடியவில்லை என்றால் வெட்கப்படாதே. அதே சட்டத்தின் 64-ஏ பிரிவிலே, சிறு அளவு வழக்கில் சிக்கினவன் அடிமையாகிப்போனவனாயிருந்து, தானாக முன்வந்து அரசாங்கம் நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்று எழுதியிருக்கிறது. கடுமையான சட்டம் என்று பெயர் எடுத்த சட்டத்திலேயே திரும்பி வருகிறவனுக்கு ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நம் சபையார் பெட்டியைத் தெருவில் வைத்தபோது அந்தக் கதவும் இல்லை.

அவன் இப்போது மூக்கண்டப்பள்ளியில் வேறொரு சகோதரன் வீட்டு மாடியில் இருக்கிறான். முதல் பத்து நாள் தூக்கமில்லாமல் புரண்டான், எரிந்து விழுந்தான். பிறகு சரியாயிற்று. மாடி வீட்டுச் சிஸ்டர் தினமும் இராத்திரி ஒரு தூக்குச் சட்டியில் ரசஞ்சோறு அனுப்புகிறார்கள். ஷிஃப்ட் மாற்றித் தரும்படி கான்ட்ராக்டரிடம் நாங்கள் இரண்டு பேர் போய்ப் பேசினோம், பார்க்கலாம் என்றிருக்கிறார்.

பழைய வீட்டுக்காரர் அவனுடைய அட்வான்ஸ் ஆறாயிரத்தை இன்னும் கொடுக்கவில்லை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து நானும் மூப்பர் ஒருவரும் அவர் வீட்டுக்குப் போகிறோம். அவருடைய மூட்டுவலி எண்ணெய்க் குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன்.